பினாங்கு சிட்டி ஹால் இத்தனை காலம் நின்றது எப்படி?

கிள்ளானிலிருந்து குடும்பத்தோடு பினாங்குக்கு வந்து போன தம்பி ஒருவர் கேட்டது இது: "படாங் கோத்தா லாமா திடல் ஓரத்தில் இரண்டு பழைய கட்டடங்கள் நிற்கின்றன. ஒன்று டவுன் ஹால், இன்னொன்று சிட்டி ஹால் என்கிறார்கள். எது எது? இந்தியாவிலிருந்து வந்த கைதிகள் கட்டியது என்று கூட வந்தவர் சொன்னார், அது உண்மையா? வருடா வருடம் வெள்ளையடித்துவிட்டால் போதாதா? பாரம்பரியச் சட்டம், அனுமதி என்று ஏன் இத்தனை கெடுபிடி?"

நான் ஜார்ஜ்டவுனில் முப்பது வருடங்களுக்கு மேல் பழைய கட்டடங்களில் பூச்சு வேலை, கூரை வேலை பார்த்தவன். சிட்டி ஹால் சுவரில் என் கரண்டி பட்டதில்லை. ஆனால் அதே வயதுள்ள சுவர்களோடு நிறையப் பழகியிருக்கிறேன். அதனால் கடைசிக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எது எது என்று பார்த்துவிடலாம். திடலின் நடுவில், கார்ன்வாலிஸ் கோட்டைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். வலக்கைப் பக்கம் கடல். எதிரே வலப்புறம், கடலுக்குக் கிட்டத்தில் நிற்கும் பெரிய வெள்ளைக் கட்டடம்தான் சிட்டி ஹால். இடப்புறம், லெபோ லைட் தெரு முனையில் இருக்கும் சிறியது டவுன் ஹால். வயதில் மூத்தது சிறியதுதான். டவுன் ஹால் 1880இல் திறந்தது. சிட்டி ஹால் 1903இல் கட்டி முடிந்தது.

இரண்டுக்கும் வேலை வேறு. டவுன் ஹால் கூடுவதற்கும் ஆடுவதற்கும் கட்டியது. நடனம், நாடகம், கூட்டம், விருந்து எல்லாம் அங்கேதான் நடந்தன. வந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். பினாங்குச் சீனர்கள் அதற்கு ஹொக்கியனில் 'அங் மோ கொங் குவான்' என்று பெயர் வைத்தார்கள். வெள்ளைக்காரர் சங்கம் என்று பொருள். பக்கத்திலேயே ஒரு வார்ப்பிரும்பு நீரூற்று இருக்கிறதே, அது கோ சியாங் தாட் என்ற சீனச் செல்வந்தர் 1883இல் நகருக்குக் கொடுத்தது. படமெடுக்கிறவர்கள் அதைக் கவனிக்காமலே கடந்து போகிறார்கள். அடுத்த முறை வரும்போது நின்று பாருங்கள்.

நகராட்சியின் வேலை பெருகப் பெருக, டவுன் ஹாலில் இடம் போதவில்லை. ஜார்ஜ்டவுனுக்கு முனிசிபல் ஆணையம் வந்தது 1857இல். அதற்கப்புறம் சாலை, சாக்கடை, தண்ணீர், விளக்கு, சந்தை என்று ஒவ்வொன்றாகத் தலையில் ஏறியது. எழுத்தர்களுக்கு மேசை போட வேண்டும், வரி வாங்க ஒரு முகப்பு வேண்டும், ஆணையர்கள் உட்கார ஒரு பெரிய அறை வேண்டும். அதற்காக ஒரு லட்சம் வெள்ளி செலவில் எழுப்பிய முனிசிபல் அலுவலகம்தான் இன்றைய சிட்டி ஹால். ஒரு லட்சம் அன்றைக்குப் பெரிய தொகை. இரண்டு மாடி, உயரமான தூண்கள், வரிசை வரிசையாகப் பெரிய ஜன்னல்கள். பினாங்கில் மின்விளக்கும் மின்விசிறியும் முதன்முதலில் பொருத்திய கட்டடங்களில் அதுவும் ஒன்று. ஊருக்கு வெளிச்சம் கொடுக்கப் போகிற அலுவலகம் முதலில் தன் வீட்டில் விளக்கேற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கைதிகள் பற்றிக் கேட்டீர்கள். அந்தக் கதை ஊரில் நிறைய உலவுகிறது. முழுப் பொய் இல்லை, கட்டடம்தான் மாறிப்போயிருக்கிறது. இந்தியாவிலிருந்து கைதிகளைக் கப்பலேற்றிப் பினாங்குக்குக் கொண்டுவந்தது உண்மை. 1818இல் முடிந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் அவர்களின் உழைப்பு இருக்கிறது. பினாங்கின் பழைய சாலைகளிலும் இருக்கிறது. ஆனால் 1873க்குள் அந்த ஏற்பாடே முடிந்துவிட்டது. டவுன் ஹாலே அதற்குப் பிறகுதான் வந்தது என்றால், 1903இல் முடிந்த சிட்டி ஹாலைக் கைதிகள் கட்டியிருக்க வழியில்லை. நம் ஆட்களுக்கு இந்த ஊரில் உண்மையான பங்கு நிறைய இருக்கும்போது, இல்லாத ஒன்றை ஒட்டவைக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

அந்த உண்மையான பங்கு இரண்டு விதம். ஒன்று, முனிசிபல் வேலை. சாலை போட்டது, கூட்டியது, சாக்கடை வாரியது, குழாய் பதித்தது என்று பார்த்தால் தமிழர் கை படாத வேலை இல்லை. என் தாத்தா முனிசிபல் கூலி. காலை ஐந்து மணிக்கு முன்பே கிளம்பிவிடுவார் என்று அப்பா சொல்வார். அவர் அந்த வெள்ளைக் கட்டடத்தின் படியேறியதே இல்லையாம். சம்பளம் டிப்போவிலேயே கொடுத்துவிடுவார்கள். அப்பா வீட்டு வரி கட்டப் போகும்போது, நாம் எல்லோரும் சுக்காய் பிந்து என்று சொல்வோமே அதுதான், என்னையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போனார். வரிசையில் நிற்கும்போது சட்டைப் பொத்தான்களை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார். அது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இன்னொன்று, அந்தக் கட்டடத்தின் தலைமை நாற்காலி. 1957 ஜனவரி 1ஆம் தேதி, மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டின் விடுதலைக்கு எட்டு மாதம் முன்பு, எலிசபெத் மகாராணியாரின் அரசாணையால் ஜார்ஜ்டவுன் மாநகரமானது. மலாயாக் கூட்டமைப்பில் அந்தத் தகுதி பெற்ற முதல் ஊர் இதுதான். முனிசிபல் அலுவலகம் சிட்டி ஹால் என்று பெயர் மாறியது அப்போதுதான். மாநகரத்தின் முதல் மேயர் டி. எஸ். ராமநாதன், தொழிற்கட்சிக்காரர், தமிழர். 1961 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். பழைய ஸ்காட் ரோட்டுக்கு இன்று ஜாலான் டி. எஸ். ராமநாதன் என்று பெயர். அந்த வழியாகக் காரில் போகிற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியும்? வீட்டில் சொல்லிக் கொடுங்கள். தாத்தா படியேறாத கட்டடத்தில் ஒரு ராமநாதன் தலைமை வகித்தார் என்பதை எங்கள் வீட்டில் பெருமையாகப் பேசுவார்கள்.

அந்தக் காலத்து மாநகர் மன்றத்தை இன்றைய அளவுகோலால் அளக்கக் கூடாது. தேர்தலில் வென்றவர்கள் உட்கார்ந்த மன்றம் அது. ஜார்ஜ்டவுனில் நகராட்சித் தேர்தல் 1951இலேயே தொடங்கிவிட்டது. மின்சாரம் அவர்களே விற்றார்கள், பஸ் அவர்களே ஓட்டினார்கள், தண்ணீர் அவர்களே விட்டார்கள். 1965இல் நாடு முழுக்க ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1966இல் மன்றத்தின் அதிகாரம் மாநில முதலமைச்சரிடம் போனது. 1976இன் ஊராட்சிச் சட்டத்தோடு தேர்தல் என்பதே இல்லாமல் போனது. மாநகரம் என்ற பெயரும் நகராண்மைக் கழகம் என்று இறங்கியது. பிறகு 2015இல் தீவு முழுவதற்குமாக மாநகர் தகுதி திரும்ப வந்தது. பதாஹியா இஸ்மாயில் என்ற அம்மையார் அதன் முதல் மேயரானார்.

இவ்வளவையும் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆட்சி மாறியது, பெயர் மாறியது, அதிகாரம் போனது, வந்தது. கட்டடத்தில் மட்டும் ஆள் நடமாட்டம் நிற்கவில்லை. எண்பதுகளில் 65 மாடி கொம்தார் எழும்பிய பிறகு நகராட்சிப் பிரிவுகள் பெரும்பாலும் அங்கே போய்விட்டன. அப்போதும் சிட்டி ஹாலைப் பூட்டிச் சாவியைத் தூக்கிப் போடவில்லை, அலுவலகமாகவே வைத்துக்கொண்டார்கள். இந்தக் கட்டடம் நின்றதற்கு என்னைக் கேட்டால் முதல் காரணம் இதுதான். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று அரசிதழில் அறிவித்தது 1982இல், 1976ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ். கட்டி 79 வருடம் கழித்து. அதுவரை அதைக் காத்தது சட்டம் இல்லை. காலையில் ஜன்னலைத் திறந்து சாயங்காலம் மூடிய கடைநிலை ஊழியர்கள், ஒழுகுகிறது என்றால் அன்றைக்கே புகார் எழுதிய எழுத்தர்கள், இவர்கள்தான் காத்தார்கள்.

ஆள் இல்லாத பழைய கட்டடம் எப்படிச் சாகிறது என்று நான் கிட்டத்திலிருந்து பார்த்திருக்கிறேன். முதலில் ஒரே ஒரு ஓடு நகரும். உள்ளே ஆள் இருந்தால் தரையில் ஈரம் தெரியும், வாளி வைப்பார்கள், ஆளைக் கூப்பிடுவார்கள். ஆள் இல்லை என்றால் அந்தத் தண்ணீர் உத்திரத்தின் முனையில் இறங்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் அந்த முனைதான் முதலில் உளுத்துப்போகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அப்புறம் கறையான். அதற்குள் மேல் விளிம்பில் ஒரு பறவை எச்சமிட்ட இடத்தில் அரசங்கன்று முளைத்திருக்கும். இரண்டு இலை, பார்க்க அழகாகக்கூட இருக்கும். அதைப் பிடித்து இழுக்கக் கூடாது; வேர் செங்கலோடு வந்துவிடும். அடியில் வெட்டி, வெட்டிய இடத்தில் மருந்து தடவி, வேர் செத்த பிறகுதான் எடுக்க வேண்டும். ஒரு கடைவீட்டில் அப்படி ஒரு வேரைத் தொடர்ந்து போனேன். மாடியில் முளைத்த கன்று, கட்டைவிரல் பருமனில் சுவருக்குள்ளேயே இறங்கிக் கீழ்த்தளத்து வாசற்படிக்கு வந்திருந்தது.

2000ஆம் ஆண்டு பிறந்தபோது வாடகைக் கட்டுப்பாடு முடிந்து போனது ஞாபகம் இருக்கலாம். வாடகை ஏறியது, பல தலைமுறையாக இருந்த குடித்தனங்கள் கிளம்பின. காலியான வீடுகள் எத்தனை எத்தனை இப்படிப் போயின! அதற்கு முன்பே ஜாலான் சுல்தான் அகமட் ஷாவில் இருந்த ஹோட்டல் மெட்ரோபோலை 1993 கிறிஸ்துமஸ் அன்று, ஊரே விடுமுறையில் இருந்த நேரத்தில் இடித்தார்கள். மறுநாள் போய்ப் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு இந்த விஷயத்தில் நடுநிலை கிடையாது.

சரி, வெள்ளையடித்தால் போதாதா என்ற கேள்விக்கு வருகிறேன்.

பழைய சுவர் செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும். மேலே சுண்ணாம்புப் பூச்சு, அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளை. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, தண்ணீரில் போட்டு நீற வைத்து, நாள்கணக்கில் ஊறவிட்டு, வெண்ணெய் மாதிரி ஆன பிறகு மணலோடு சேர்த்துப் பூசுவார்கள். நம் ஊர்க் கொத்தனார்கள் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடல் கடந்து இந்தப் பக்கமும் அந்தக் கைப்பக்குவம் வந்தது. அந்தப் பூச்சு காற்றிலிருந்து கரியமிலவாயுவை இழுத்து மெல்ல மெல்ல மறுபடியும் கல்லாகிறது. கெட்டியானாலும் அதில் நுண்ணிய துளைகள் இருக்கும். அடித்தளத்துக்கு அடியில் ஈரம் தடுக்கும் படலம் எதுவும் அந்தக் காலத்தில் போடாததால் மண்ணின் ஈரம் சுவருக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். அந்தத் துளைகள் வழியாக ஆவியாகிக்கொண்டும் இருக்கும். சுவர் மூச்சு விடுகிறது என்று எங்கள் தொழிலில் சொல்வது இதைத்தான்.

இப்போது அதன் மேல் சிமெண்ட் பூசினால், அல்லது பிளாஸ்டிக் மாதிரி படலம் கட்டும் பெயிண்டை அடித்தால் என்ன ஆகும்? ஏறுகிற ஈரம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். வெளியே வர வழி இல்லை. இன்னும் மேலே ஏறும். இடுப்பளவில் நின்ற ஈரம் தோளுக்கு வரும். ஈரத்தோடு உப்பும் வரும். சிட்டி ஹால் இருப்பது கடற்கரையில், காற்றிலேயே உப்பு. அந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்துப் பெருகி, செங்கலின் முகத்தை உதிர்க்கும். வெளியே வெள்ளை வெளேரென்று இருக்கும், உள்ளே செங்கல் மாவாகியிருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கடைவீட்டில் சொந்தக்காரர் சீக்கிரம் முடிக்கச் சொன்னார் என்று பழைய பூச்சைக் கொத்திவிட்டு நல்ல கெட்டிச் சிமெண்ட் பூசினேன். பார்க்க அப்படி ஒரு பளபளப்பு. இரண்டு மழைக்காலம் தாண்டவில்லை, கூப்பிட்டார்கள். சுவர் வயிறு மாதிரி உப்பியிருந்தது. தட்டினால் டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம். என்னோடு வந்த வயதான கொத்தனார், சோமு மாமா என்று கூப்பிடுவோம், உப்பின இடத்தைப் பெயர்த்தார். பின்னால் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒன்று படர்ந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "உப்புடா, கடல் உப்பு" என்று என் பக்கம் நீட்டினார். நானும் நாக்கில் வைத்தேன். கரித்தது. செங்கலை நகத்தால் கீறினேன். ஈர பிஸ்கட் மாதிரி பிசைந்துகொண்டு வந்தது. நூறு வருடம் நின்ற செங்கல், நான் பூசிய இரண்டு வருடத்தில் அப்படி ஆனது. சிமெண்ட் முழுதையும் எடுத்து, காகிதக் கூழை ஈரமாக அப்பி அப்பி உப்பை இழுத்து, காயவிட்டு, மறுபடியும் சுண்ணாம்பு பூசிக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை.

அந்தக் கெடுபிடி எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான். 2005ஆம் ஆண்டின் தேசிய பாரம்பரியச் சட்டம் பழைய தொல்பொருள் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கிறது. அது வெறும் 'இடிக்காதே' என்று சொல்வதோடு நிற்பதில்லை. எந்தப் பொருளால், எந்த முறையில் பழுது பார்க்கிறாய் என்றும் கேட்கிறது. நல்லெண்ணத்தோடு பூசிய சிமெண்டும் கட்டடத்தைக் கொல்லும் என்பதால் அந்தக் கேள்வி தேவை. 2008 ஜூலை 7ஆம் தேதி ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. ஜார்ஜ்டவுனின் பகுதி, சுற்றியுள்ள காப்பு வளையத்தோடு சேர்த்து 259.42 ஹெக்டர். அதற்குள் புதுக் கட்டடம் என்றால் உயரம் 18 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. திடலின் ஓரத்தில் ஒரு முப்பது மாடி எழும்பியிருந்தால் இந்த இரண்டு கட்டடங்களும் பொம்மை மாதிரி ஆகியிருக்கும். கட்டடத்தைக் காப்பது என்றால் அதற்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்தையும் காப்பதுதான். கோட்டை, புல்வெளி, கடல், இரண்டு மண்டபங்கள் என்று அந்தத் தொகுப்பை ஒன்றாகப் பார்க்க முடிவதால்தான் ஒரு காலனி நகரம் எப்படி ஆளப்பட்டது என்று கண்ணுக்கே தெரிகிறது.

சட்டத்தில் எனக்குக் குறைகள் உண்டு. சிறிய கடைவீட்டுக்காரர் ஒருவர் ஓடு மாற்றவும் படம் வரைந்து, ஆள் வைத்து, காத்திருக்க வேண்டியிருக்கிறது. அரசாங்கக் கட்டடத்துக்கு இருக்கும் பணமும் பொறுமையும் அவருக்கு இல்லை. அவருக்கு உதவித் தொகையும், சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார்களும் வேண்டும். கொத்தனார்கள் பிரச்சினைதான் பெரிசு. சோமு மாமா போன பிறகு அந்தக் கைக்கு மாற்றுக் கை எனக்கு அமையவில்லை. எங்கள் பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன், கூலி அப்படி. ஆனால் இது நல்ல தொழில். மாதக்கணக்கில் நீண்ட வேலைக்கு ஆள் தேடி நானே அலைந்திருக்கிறேன். கை வேலையில் ஆர்வமுள்ள பையனோ பெண்ணோ உங்கள் வட்டத்தில் இருந்தால் சொல்லுங்கள்.

டவுன் ஹால் பற்றி ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். அதை 1993-94இல் புதுப்பித்தார்கள். நிகழ்ச்சிகளுக்குத் திறந்துவிடுவதால் அதற்கும் உயிர் இருக்கிறது. உள்ளே போக வாய்ப்புக் கிடைத்தால் கூட்டத்தைப் பார்க்காமல் மேலே பாருங்கள்.

அடுத்த முறை வரும்போது காலை எட்டு மணிக்குத் திடலுக்கு வந்துவிடுங்கள். இரண்டு கட்டடங்களும் கிழக்கே பார்த்தவை, வெயில் நேராக முகத்தில் விழும். தூண்களையும் ஜன்னல்களையும் எல்லோரும் படமெடுப்பார்கள்; நீங்கள் சுவரின் அடியைப் பாருங்கள். பூச்சு எங்கே லேசாக நிறம் மாறியிருக்கிறது, ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று தெரியும். மேல் விளிம்பில் பச்சையாக ஏதாவது முளைத்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை. சிட்டி ஹால் இன்றும் மாநகர் மன்றத்தின் அலுவலகம் என்பதால் நினைத்தபடி உள்ளே நுழைய முடியாது, காவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கிருந்து காரில் கிளம்பினால் ஜாலான் டி. எஸ். ராமநாதன் வழியாகவே போங்கள். பெயர்ப் பலகை வரும்போது பிள்ளைகளிடம் படிக்கச் சொல்லுங்கள்.